வேறு மொழியில் பேசுகிறார்

என் அக்காவோடு கதைப்பதென்றால் வெளிச்சத்துக்கு வர வேண்டும். எங்கள் குடும்பத்துச் சட்டம் அது. அவளுடைய மகள் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அக்காவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, காது இரண்டும் போயின. கருவி வைத்தும் பார்த்தாயிற்று, இரைச்சல்தான் மிச்சம். அன்றிலிருந்து அவள் தமிழைக் கண்ணால்தான் கேட்கிறாள். யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாராவது வாயைத் திறந்தால், "வெளிச்சத்துக்கு வந்து கதை" என்று கையில் பிடித்து இழுத்துவிடுவாள். கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் அவளுடைய சமையலறையில் பட்டப்பகலிலும் லைட் எரியும். கரண்ட் பில்லைப் பற்றி அத்தான் முறைப்படுவதென்றாலும் அந்த லைட்டுக்குக் கீழே வந்து நின்றுதான் முறைப்பட வேண்டும்.

ஆங்கில வாய் மட்டும் அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. "இவை பல்லைத் திறவாமல் எல்லோ கதைக்கினம்" என்பாள். ஆனால் ஆங்கிலம் நன்றாக வாசிப்பாள். ஆகவே ஆங்கிலத்துக்கு எழுத்து வேண்டும், தமிழுக்கு முகம் வேண்டும். இந்த இரண்டையும்தான் நான் என் அலுவலகத்திடம் ஒரு கோடைகாலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். கோயிலில் போய்க் கேட்டிருந்தாலும் இதைவிடச் சீக்கிரம் கிடைத்திருக்கும்.

நான் லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சிப் பிரிவில் வேலை செய்கிறேன். பட்டமளிப்பு, பொதுச் சொற்பொழிவு, யாராவது பெரியவர் வந்து கட்டடம் திறப்பது எல்லாமே எங்கள் கையால்தான் இணையத்தில் நேரலையாகப் போகும். அக்காவின் மகளுக்கு, அதாவது என் பெறாமகளுக்கு, அதே பல்கலைக்கழகத்தில்தான் உத்தியோகம். லண்டனுக்கு அடியில் கிடக்கும் களிமண்ணைப் பற்றியது அவளுடைய ஆராய்ச்சி. கோடையில் அந்த மண் காய்ந்து சுருங்க, மேலே வீட்டுச் சுவர்கள் வெடிப்பு விடும். குட்மேய்ஸ் வீட்டின் சமையலறைக் கதவுக்கு மேலேயும் ஒரு வெடிப்பு உண்டு. அந்த மண் அவளைப் பேராசிரியராக்கியது.

புதிதாகப் பேராசிரியரானவர் ஊரைக் கூட்டி ஒரு பேருரை நிகழ்த்துவது இங்கே வழக்கம். குடும்பம் முன்வரிசையில் இருக்கும். கேள்வி கேட்பதில்லை. பேசி முடிந்ததும் கைதட்டு, அதன் பிறகு வைன். அந்த முன்வரிசைக்காக அக்கா வருடக்கணக்காகக் காத்திருந்தாள். சேலைகூட எடுத்து வைத்திருந்தாள். வசந்தம் தொடங்கும்போது குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. ஆனால் ரயிலும் வேண்டாம், காரும் வேண்டாம், மண்டபத்துக் கதிரையில் மணிக்கணக்கில் இருக்கவும் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"அதுக்கென்ன, நீதானே அதை வீட்டுக்கு அனுப்புறனீ? நான் ரிவியிலை பாக்கிறன்" என்றாள் அக்கா.

நாங்கள் வீட்டுக்கு அனுப்புவது எப்படிப்பட்டது என்று எனக்குத்தானே தெரியும்.

எங்கள் பிரிவின் தலைவர் நல்ல மனிதர். கரைச்சலே அதுதான். கெட்டவனென்றால் சண்டை பிடித்து வெல்லலாம். நல்லவர் தலையை ஆட்டி, "மிக முக்கியமான விஷயத்தைச் சொன்னீர்கள்" என்று நன்றி கூறி அனுப்பிவிடுவார். மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி என்றால் அவருக்கு மண்டபத்து வாசலில் உள்ள சாய்தளம்தான். யார் வந்தாலும் அதைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். அந்தச் சாய்தளம் முடிகிற இடத்தில் இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டிய ஒரு கதவு இருக்கிறது. அதைக் காட்ட மாட்டார்.

நேரலைக்கு சப்டைட்டில் வேண்டும், அதுவும் மெஷின் போடுவது வேண்டாம், ஆள் இருந்து தட்டச்சு செய்ய வேண்டும் என்று நான் முதற்கூட்டத்தில் சொன்னேன். நேரலை பார்ப்பவர்களில் காது கேளாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். தெரியாது என்றேன். இதுவரை யாரும் முறைப்பாடு செய்யவில்லையே என்றார். எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த கிரீன் ஸ்ட்ரீட்டில் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு உள்ளே இருந்துகொண்டு, வியாபாரமே இல்லை என்று சொல்லுகிற கடைக்காரரை நான் இன்னும் கண்டதில்லை. அதைச் சொன்னேன். சிரித்தார், நல்ல உவமை என்றார், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அக்கா மட்டும் சொல்லுவாள், அதுவும் அத்தானைப் பற்றி. அந்தக் கோடையில் நான் பழமொழியின் முகவரியை மாற்றிக்கொண்டேன். காது கேட்கிறவர்களின் காதில் ஊதிப் பார்த்தவர்களுக்குத்தான் சங்கின் அருமை தெரியும்.

கடைசியில் கல்லில் நார் உரித்த மாதிரி ஒன்று கிடைத்தது. வேல்ஸில் ஒரு பெண்மணி, தன் வீட்டிலிருந்தபடியே, பேசுகிற வேகத்திலேயே தட்டச்சு செய்பவர். அவரை அமர்த்தினார்கள். அதன் பிறகு ஒத்திகை வைத்தோம். பெறாமகள் வெறும் மண்டபத்தில் நின்று கொஞ்சம் பேசினாள். அக்கா வீட்டிலிருந்து பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள்.

"லோகோ வடிவாத் தெரியுது. பிள்ளையைத்தான் காணேல்லை."

உண்மை. எங்கள் நேரலைக்கு ஒரு சட்டகம் உண்டு. ஊதா நிறக் கரை, மேலே பல்கலைக்கழக இலச்சினை, நடுவில் பெரிதாக ஸ்லைடு. பேசுகிறவர் மூலையில் முத்திரை அளவில் நிற்பார். அந்தச் சட்டகத்தை மாற்ற நான் இன்னொரு பிரிவிடம் போக வேண்டியிருந்தது. இலச்சினையைச் சுற்றி எவ்வளவு வெளி விட வேண்டும் என்று அவர்கள் எனக்குப் பாடம் எடுத்தார்கள். மனுசர் முகத்தைச் சுற்றி எவ்வளவு விட வேண்டும் என்பதற்கு அவர்களிடம் விதி ஏதும் இருக்கவில்லை. இருந்தாலும் மாற்றினார்கள். பாதி ஸ்லைடு, பாதி முகம்.

அடுத்த ஒத்திகை. அக்கா எழுதினாள்: "இப்ப முகம் தெரியுது. ஆனா எழுத்து வந்து வாயை மூடிப்போட்டுது."

சாண் ஏற முழம் சறுக்கியது. சப்டைட்டில் முகத்தின் கீழ்ப்பாதியில் பட்டையாக ஓடியது. கண்ணும் மூக்கும் தெரிந்தன, வாய் இல்லை. எழுத்து இருக்கும்போது வாய் எதற்கு என்று தலைவர் உண்மையாகவே விளங்காமல் கேட்டார். நான் விளக்கினேன். தலையை ஆட்டி நன்றி சொன்னார். எழுத்தை இறக்கி, முகத்தைத் தொடாத இடத்தில் போடுவதற்குள் எனக்கு நெஞ்செரிவு வந்துவிட்டது. அத்தான் இஞ்சி இடித்துக் குடிக்கச் சொன்னார்.

இவ்வளவையும் பொத்தான் அழுத்திச் செய்கிறவர் கோயம்புத்தூர்க்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். எந்த நேரத்தில் எந்தப் படம் நேரலையில் போக வேண்டும் என்பது அவர் விரலில் இருக்கிறது. செய்கிற வேலை சுத்தமாக இருக்கும். என்னை "மேடம்" என்று கூப்பிடுவார். அதை விடுங்கோ என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். "சரிங்க மேடம்" என்பார்.

நாள் வந்தது. அத்தான் கோட் சூட் போட்டு முன்வரிசையில் போய் இருந்தார். அவர் வீட்டில் துணைக்கு நிற்கிறேன் என்றுதான் சொன்னார். அக்கா விடவில்லை. "என்ரை இடத்திலை ஆராவது இருக்கவேணும். நீங்கள் போங்கோ. நான் தனிய இருந்து பாக்கிறன்." நேரலை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னர் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். சோபாவில், எடுத்து வைத்திருந்த அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, தோடு போட்டு, பக்கத்தில் ஊன்றுகோலோடு இருந்தாள். ரிவிக்கு முன்னால் பட்டுச்சேலை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பேருரை நன்றாகப் போனது. நான் மண்டபத்தின் பின்னால், கோயம்புத்தூர்க்காரருக்குப் பக்கத்தில், மொனிட்டரைப் பார்த்தபடி நின்றேன். இந்தப் பக்கம் ஸ்லைடு, அந்தப் பக்கம் அவள் முகம், கீழே வேல்ஸ்காரப் பெண்மணியின் எழுத்து. பேச்சை முன்கூட்டியே அவருக்கு அனுப்பியிருந்தோம். மண்ணின் பெயர்கள்கூட ஒன்றும் பிசகவில்லை. இடையில் அக்காவிடமிருந்து ஒரு செய்தி: "எல்லாம் விளங்குது. மண்ணுக்குள்ளை இவ்வளவு கிடக்கே." என் தோளில் இருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. இந்தக் கூட்டங்கள், இந்த நெஞ்செரிவு எல்லாம் இதற்குத்தானே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசி ஸ்லைடு வந்தது. ஒரு பழைய குடும்பப் படம். குட்மேய்ஸ் வீட்டுச் சமையலறைக் கதவு, அதற்கு மேலே வெடிப்பு, கீழே பள்ளிக்கூட உடுப்பில் மகளைப் பிடித்துக்கொண்டு அக்கா. நான் முதன்முதலில் ஆராய்ந்த வெடிப்பு இதுதான் என்று பெறாமகள் ஆங்கிலத்தில் சொன்னாள். மண்டபம் சிரித்தது. அதோடு முடித்துவிடுவாள் என்று நினைத்தேன். எங்களிடம் தந்த பேச்சிலும் அதுதான் கடைசி வரி.

அவள் காகிதத்தை வைத்தாள். மேசையை விட்டு விலகி, மேடையின் முன்னுக்கு, விளக்கு நன்றாக விழுகிற இடத்துக்கு வந்தாள். நேரே கமராவைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து தாயோடு எப்படிக் கதைப்பாளோ அப்படி, அவசரப்படாமல், வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"அம்மா, வெளிச்சத்துக்கு வந்து நிக்கிறன். தெரியுதோ?"

முன்வரிசையில் அத்தானின் தலை குனிந்தது. என் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மொனிட்டரைப் பார்த்தேன்.

மொனிட்டரில் முகம் இல்லை. அந்தப் பழைய படம் திரை முழுக்க நின்றது. கீழே அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில் எழுத்து: வேறு மொழியில் பேசுகிறார்.

"முகம்! முகத்தைப் போடுங்கோ!" என்று கத்தினேன். பின்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் திடுக்கிட்டுப் பொத்தானை அழுத்தினார். முகம் வந்தது. அதற்குள் அவள் சொல்லி முடித்துத் தலை குனிந்து நின்றாள். உச்சந்தலைதான் தெரிந்தது. எழுத்து மாறியது: கைதட்டல்.

"மேடம்... போட்டோவ ஃபுல் ஸ்கிரீன்ல போடச் சொன்னாங்க. கைதட்டல் வர்ற வரைக்கும் எடுக்க வேண்டாம்னாங்க" என்றார்.

"ஆர் சொன்னது?"

தலைவர். மத்தியானம், நான் அத்தானைக் கூட்டிவரக் கீழே போயிருந்த நேரத்தில் வந்து சொல்லியிருக்கிறார். உருக்கமான படம், பார்ப்பவர்களின் மனதைத் தொடும் என்று.

"அவள் சொன்னது உங்களுக்கு விளங்கினதுதானே?" என்று கேட்டேன்.

"புரிஞ்சுது மேடம்." அவருடைய முகம் செத்துப்போயிருந்தது. "கேட்டுக்கிட்டே நின்னுட்டேன். கை ஓடல."

அந்த மனுசனை எப்படி ஏசுவது? மண்டபத்தில் அந்த வசனம் விளங்கிய தமிழர் நாங்கள் ஒரு சிலர்தான். விளங்கிய எல்லோரும் கேட்டு உருகிப்போய் நின்றோம். யாருக்குச் சொன்னாளோ அவளுக்கு மட்டும் அது போகவில்லை. அவள் சோபாவில் இருந்து தன் படத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழில் சொன்னதால்தான் அவளுக்கு எழுத்தே தேவையில்லை. முகம் மட்டும் போதும். அந்த முகத்தை எடுத்துவிட்டு எழுத்தைக் கொடுத்தோம், அந்த எழுத்தும் ஒன்றும் தெரியாது என்று சொன்னது.

போன் அதிர்ந்தது. அக்கா.

"படத்திலை நான் நல்லாத்தான் இருக்கிறன். பிள்ளை தமிழிலை என்னவோ சொன்னவளாம். என்ன சொன்னவள்?"

எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். அது என் விரலால் போகக்கூடிய வசனம் இல்லை. "வீட்டை வந்து அவளே சொல்லுவாள்" என்று மட்டும் அனுப்பினேன்.

வைன் கொடுக்கிற இடத்தில் தலைவர் என்னைத் தேடி வந்து கையைக் குலுக்கினார். எங்கள் பிரிவின் முதலாவது முழுமையான, எல்லோருக்குமான நேரலை என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். குரலைத் தாழ்த்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, தாழ்த்தவும் இல்லை. அவர் கவனமாகக் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார், "ஆனால் எழுத்து வந்ததே. வேறு மொழியில் பேசுகிறார் என்று. அது பிழையில்லையே."

பிழையில்லைத்தான். வேல்ஸ்காரப் பெண்மணி தன் வேலையைச் சரியாகச் செய்தார். கோயம்புத்தூர்க்காரர் சொன்னதைச் செய்தார். ஊதா நிறம் சரி, இலச்சினையைச் சுற்றி விட்ட வெளி சரி. ஒருவர்கூடப் பிழை விடவில்லை. "இதை ஒரு படிப்பினையாகக் குறித்துக்கொள்கிறேன்" என்று தலைவர் போனை எடுத்துத் தட்டினார். எனக்கு அந்த வைனை அவருடைய சட்டையில் ஊற்ற வேண்டும் போல இருந்தது. ஊற்றவில்லை. ஒரே மூச்சில் நானே குடித்தேன்.

மூன்று பேருமாக ரயிலில் குட்மேய்ஸுக்குப் போனோம். அக்கா சேலையை மாற்றாமல் சமையலறைக் கதிரையில் இருந்தாள். பெறாமகள் அவளைக் கட்டிப்பிடித்தாள்.

"என்ன சொன்னனீ பிள்ளை? வெளிச்சத்துக்கு வந்து சொல்லு."

பெறாமகள் லைட்டுக்குக் கீழே வந்து நின்றாள். சொன்னாள். அதே சொற்கள்தான். ஆனால் அந்தச் சமையலறையில், அந்த லைட்டுக்குக் கீழே அது தினமும் நடக்கிற காரியம். சோற்றுக்கு உப்புக் காணாது என்றாலும் அங்கே வந்து நின்றுதானே சொல்லுகிறோம். சொல்லும்போதே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. பாதியில் குரல் தேய்ந்தது. அக்கா தலையை ஆட்டினாள், மகளின் கன்னத்தைத் தடவினாள். "சரி, சாப்பிடு. இடியப்பம் ஆறப்போகுது" என்றாள். கேட்கக் கூடாத ஏதோ ஒன்றை இரண்டாம் தரம் கேட்டுவிட்டவள் மாதிரி அவள் முகம் இருந்தது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. தவறு செய்தவர்கள் வைன் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள், வெட்கம் மட்டும் அக்காவுக்கு வந்து சேர்ந்தது.

பதிவை எங்கள் இணையத்தளத்தில் போட்டார்கள். அதே இடத்தில் அதே படம், அதே அடைப்புக்குறி. அந்த ஒரு வசனத்தையாவது தமிழில் எழுதுங்கள், நானே தட்டித் தருகிறேன் என்று கேட்டேன். எங்கள் வீடியோவுக்குப் போடக்கூடிய மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை என்று பதில் வந்தது. சேர்க்கும்படி கேட்டேன். அது வேறு பிரிவு என்றார்கள். அந்த வேறு பிரிவுக்கு எழுதினேன். மிக முக்கியமான விஷயத்தைச் சொன்னதற்காக நன்றி தெரிவித்தார்கள்.

ஒருநாள் கோயம்புத்தூர்க்காரர் என் மேசைக்கு வந்து தயங்கி நின்றார்.

"மேடம், அன்னைக்குக் கேமரால எடுத்தது தனியாவும் ரெகார்ட் ஆகியிருக்கு. நான் ஸ்கிரீன்ல எதை மாத்தினாலும் அது மாறாது. ஸ்லைடு, லோகோ, எழுத்து எதுவுமே அதுல விழாது. மூஞ்சி மட்டும்தான்."

இத்தனை மாதம் நான் கூட்டம் கூட்டமாகப் போய்க் கெஞ்சிக் கேட்ட சாமான், யாரும் கையே வைக்காத வெறும் கமராப் பதிவில் சும்மா கிடந்திருக்கிறது.

"தாங்கோ" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய் அக்காவின் ரிவியில் போட்டேன். திரை முழுக்கப் பெறாமகளின் முகம். ஊதாக் கரை இல்லை. அவள் காகிதத்தை வைக்கிறாள், முன்னுக்கு வருகிறாள், நெற்றியில் விளக்கு விழுகிறது. அக்கா கதிரையின் நுனிக்கு வந்து, ஊன்றுகோலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அந்த வாயைப் பார்த்தாள்.

பார்த்து முடித்ததும், "ஓம், தெரியுது" என்று ரிவியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவளுக்குத் தெரியாது. சமையலறையிலிருந்த அத்தான் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

பிறகு போனை எடுத்து மகளுக்கு எழுதத் தொடங்கினாள். நான் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன்.

"ஓம், தெரியுது."

"என்னம்மா தெரியுது?"

"அண்டைக்கு நீ மேடையிலை கேட்டதுக்குப் பதில்."

மகளிடமிருந்து வந்தது: "இப்பவோ?"

அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு, ஒரு விரலால் தட்டினாள்.

"இப்பதான் என்னைப் பாக்க விட்டவை."